எறிகலையும் வரலாறும்: பரிதிவட்டம், குண்டு ஆகியன பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

நமது பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளிலே குண்டு போடுதலும் பரிதிவட்டம் எறிதலும் மைதானத்தின் ஓர் ஓரத்தில் நடைபெறுவன. கூட்டம் ஓட்டப் போட்டிகளின் எல்லைக் கோட்டருகே நிற்கும். எறிவோரைப் பற்றி மக்களிடையே நிலவும் கருத்தும் எளிமையானது: உடற்பருமனும் பலமும் உள்ளவன் எறிவான், இல்லாதவன் எறியமாட்டான். இக்கட்டுரையாளர் பயின்ற கிராமப் பாடசாலையிலும் வகுப்பில் உயரமானவனை அழைத்து, துருவேறிய ஓர் இரும்புக் குண்டைக் கையிற் கொடுத்து, 'பலத்தைக் கூட்டிப் போடு' என்று சொல்வதோடு பயிற்சி முடிந்துவிடும். பலம் இயற்கையின் கொடை, அதைக் கற்பிக்கவியலாது என்ற எண்ணமே இதன் அடித்தளம்.

இவ்வெண்ணம் விளையாட்டோடு மட்டும் நின்றுவிடுவதன்று. கவிஞன் பிறக்கிறான், ஆக்கப்படுவதில்லை என்ற இலக்கிய நம்பிக்கைக்கும், கல்வி சிலருக்கே வரும் என்ற சமூக நம்பிக்கைக்கும் இதுவே உடன்பிறப்பு. மனித ஆற்றல் எதுவாயினும் அது வரலாற்றினால் உருவாக்கப்பட்டது, கற்றுக் கைமாற்றப்படுவது. எங்கெல்ஸ் 1876இல் எழுதிய, குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றிய கட்டுரையில், கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பின் விளைபொருளுமாகும் என்று நிறுவினார். பிரெஞ்சுச் சமூகவியலாளரான மார்செல் மோஸ் 1934இல் நிகழ்த்திய உரையொன்றில் நடத்தல், நீந்தல் போன்றவையும் சமூகந்தோறும் கற்கப்படும் நுட்பங்களே என எடுத்துக்காட்டினார். இவ்விருவர் நோக்கினையும் துணையாகக் கொண்டு, எறிதல் என்னும் செயலின் நுட்ப வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

எறிதல் பற்றிய மிகப் பழைய இலக்கியச் சான்றுகளுள் ஒன்று ஹோமரின் இலியட் காவியத்தின் 23ஆம் பகுதியிற் காணப்படுகின்றது. பத்திரோக்குளசின் ஈமச்சடங்கினையொட்டி அக்கிலீஸ் போட்டிகளை நடத்துகிறான். அவற்றுள் ஒன்று, உருக்கி வார்த்தபடியே கிடந்த பெரிய இரும்புக் கட்டியொன்றை எறிதல். அக்கட்டி முன்னர் ஈயெத்தியோன் என்ற அரசனுக்குரியது. அவனைக் கொன்ற அக்கிலீஸ் ஏனைய கொள்ளைப் பொருள்களோடு அதனையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தான். எறியப்படும் பொருளே பரிசுமாகும். வெல்பவனுடைய வயல்கள் எவ்வளவு தொலைவிலிருந்தாலும், அவனது உழவனோ இடையனோ ஐந்து ஆண்டுகளுக்கு இரும்பு தேடி நகருக்குப் போகவேண்டியதில்லை என்று அக்கிலீஸ் அறிவிக்கிறான்.

இச்சிறு பகுதியில் ஒரு சமூகத்தின் பொருளியல் அடங்கிக் கிடப்பது மனங்கொளத்தக்கது. வீரர் வெண்கலப் படைக்கலங்களோடு பொருதும் அக்காவிய உலகில் இரும்பு அரிய பொருள். போர்க்கொள்ளையாக வந்த அது விளையாட்டுப் பொருளாகி, வென்றவனிடம் சேர்ந்து, இறுதியில் கொழுவாகவும் கருவியாகவும் உழைப்பாளர் கையை அடைகிறது. எறிபவன் தலைவன், இரும்பின் பயனை வயலில் மெய்ப்பிப்பவன் உழவன். வெற்றியீட்டும் பொலிப்போயித்தீசின் எறியினை வருணிக்கும் கவிஞன், மாட்டு மந்தைக்கு மேலாகத் தன் கோலைச் சுழற்றி வீசும் இடையனை உவமையாகக் கொள்கிறான். தலைவனின் எறியை அளப்பதற்கு உழைப்பாளியின் எறியே அளவுகோலாகின்றது. எறிகலை எங்கிருந்து பிறந்தது என்பதை அவ்வுவமை தன்னையறியாமலே சொல்லிவிடுகிறது.

கிரேக்க வீரயுகப் பாடலையும் நமது சங்கச் செய்யுளையும் ஒப்புநோக்கும் ஆய்வுநெறி பேராசிரியர் கைலாசபதியின் 1968இல் வெளிவந்த நூலினால் நமக்குப் பழக்கமானதே. பாடலின் பின்னாலுள்ள சமூக அமைப்பைத் தேடும் அந்நெறியையே இங்கு உடலசைவுக்குப் பொருத்த முயல்கிறோம்.

பண்டைய ஒலிம்பியாவில் பரிதிவட்டம் தனிப்போட்டியாக இருக்கவில்லை. ஓட்டம், பாய்தல், ஈட்டி, மற்போர் ஆகியவற்றோடு ஐவகைப் போட்டியின் ஓர் உறுப்பாகவே விளங்கியது. அகழ்வுகளிற் கிடைத்த வட்டுகள் கல்லாலும் வெண்கலத்தாலும் பிறவற்றாலும் ஆனவை. அவற்றின் நிறை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவிலிருந்து ஆறு கிலோவுக்கும் மேலாக வேறுபடுகின்றது. ஆகவே, நாடு கடந்த ஒரே அளவு, ஒரே சாதனை என்ற எண்ணமே அக்காலத்துக்கு அந்நியமானது. அளந்து, பதிந்து, ஒப்பிடும் வேட்கை கைத்தொழில் யுகத்தின் குழந்தையாகும்.

2

பரிதிவட்டம் என்றதும் உலகின் மனக்கண்ணில் எழுவது, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மைறன் வடித்த சிற்பம். மூலமான வெண்கலச் சிலை அழிந்துவிட்டது. நாம் காண்பவை உரோமர் காலத்துச் சலவைக்கற் பிரதிகள். கல்லின் பாரத்தைத் தாங்குவதற்காகச் சேர்க்கப்பட்ட அடிமரத்தையும் நாம் மைறனின் படைப்பென்றே எண்ணிப் பார்க்கிறோம். பிரித்தானிய அரும்பொருளகத்திலுள்ள பிரதியிலோ தலை தவறாகப் பொருத்தப்பட்டுள்ளது: வட்டைத் திரும்பி நோக்கவேண்டிய முகம் நிலத்தை நோக்குகிறது. மூலபாடம் இழந்து, பிழைபட்ட ஏட்டுப் பிரதிகளோடு மல்லாடும் பதிப்பாசிரியர் நிலையே இச்சிற்பத்தை ஆராய்வோர்க்கும் வாய்த்தது.

மீட்டெடுக்கப்பட்ட ஒலிம்பிக் விளையாட்டுகள் 1896இல் ஏதென்சில் நடைபெற்றபோது கிரேக்க எறிவீரர்கள் அச்சிற்பத்தின் நிலையையே தம் முன்மாதிரியாகக் கொண்டிருந்தனர். எனினும் வென்றவர் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக மாணவரான அமெரிக்கர் றொபேட் கரெற். பழைய வருணனையைக் கொண்டு செய்வித்த வட்டு மிகப் பாரமாக இருந்ததால் அவர் முயற்சியையே கைவிட்டிருந்தார் என்றும், ஏதென்சில் உண்மையான வட்டு இலேசாக இருக்கக் கண்டு போட்டியிற் சேர்ந்தார் என்றும் சொல்லப்படுகின்றது. அவர் எறிந்த தூரம் 29.15 மீற்றர்.

இதன்பின் ஒரே சிற்பத்துக்கு இரு வாசிப்புகள் எழுந்தன. முதலாவது, தொன்மைவாத வாசிப்பு. 1906இல் ஏதென்சிலும் 1908இல் இலண்டனிலும் 'கிரேக்க முறை' என்ற தனிப்போட்டி நடத்தப்பட்டது. எறிபவர் ஒரு மேடைமீது நின்று, சிற்பத்தின் நிலையைத் தழுவி எறியவேண்டும் என்பது விதி. ஓடிக்கொண்டிருந்த ஒரு செயலின் ஒரு கணத்தையே சிற்பி கல்லில் நிறுத்தினான். அக்கணத்தையே முழுச் செயலாகக் கொண்டு மனித உடலைக் கல்லாக்க முயன்றனர் தொன்மைவாதிகள். இலக்கணத்தை மொழியின் தலைமேல் வைத்துப் போற்றிய நம் பண்டித மரபினர் சிலரின் செயலை இது நினைவூட்டவில்லையா? எதிர்பார்க்கத்தக்கவாறே அப்போட்டி 1908உடன் மறைந்தது.

இரண்டாவது வாசிப்பு, பொஹீமிய வீரர் பிரான்ரிசெக் யன்டா-சுக் என்பவருடையது. அவரும் அதே சிற்பத்தையே ஆராய்ந்தார். ஆனால், இந்நிலைக்கு முன்னர் உடல் எங்கிருந்தது, இதற்குப் பின்னர் எங்கு செல்லும் என்று வினவினார். விடையாக, உடல் முழுவதையும் சுழற்றி எறியும் முறையைக் கண்டு, 1900இல் பாரிசில் இரண்டாமிடம் பெற்றார். இன்றைய முறையின் வித்து அதுவே. முதல் வாசிப்பு வடிவத்தைக் கண்டது. இரண்டாவது இயக்கத்தைக் கண்டது. இயக்கவியல் நோக்கு என்பது என்ன என்று வினவும் மாணவர்க்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

மூன்றாவது வாசிப்பும் ஒன்றுண்டு. 1938இல் ஹிட்லர் அச்சிற்பத்தின் மிகச் சிறந்த உரோமப் பிரதியை இத்தாலியிலிருந்து விலைக்கு வாங்கி மியூனிக்கில் காட்சிக்கு வைத்தான். அதே ஆண்டு வெளிவந்த லெனி றீபென்ஸ்ராலின் 'ஒலிம்பியா' திரைப்படத்தின் தொடக்கத்தில் அச்சிற்பம் உயிருள்ள ஜேர்மன் வீரனாக உருமாறுகிறது. கிரேக்கத் தொழிற்பட்டறையிற் பிறந்த உருவம் இனத்தூய்மையின் சின்னமாக்கப்பட்டது. அச்சிலை போருக்குப் பின் 1948இல் இத்தாலிக்கு மீண்டது. ஆனால் மீளாதவை பல. 1936 பேர்ளின் ஒலிம்பிக்கில் குண்டு போட்டு வென்ற ஹான்ஸ் வோல்க்கே என்ற பொலிஸ் அதிகாரி, 1943 மார்ச் 22ஆம் நாள் பெலருசியாவில் கெரில்லாப் போராளிகளின் தாக்குதலிற் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கலாகக் கட்டின் என்னும் கிராமம் எரிக்கப்பட்டது. மாண்ட 149 பேரில் 75 பேர் சிறுவர். உடல்வலிமையின் அழகியல் யார் கையில் எதற்குப் பயன்படுகிறது என்ற வினாவை ஒதுக்கிவிட்டு விளையாட்டின் வரலாற்றை எழுதமுடியாது என்பதற்கு அச்சாம்பல் சான்றாகும்.

3

குண்டு போடுதல் கிரேக்கர் அறியாத போட்டி. ஸ்கொத்லாந்து மலைநாட்டு மக்களின் கல்லெறி விளையாட்டுகளே அதன் மூலம். இன்றும் ஆடவர் குண்டின் நிறை 7.26 கிலோ, அதாவது 16 இறாத்தல். எறியும் வட்டத்தின் விட்டம் 2.135 மீற்றர், அதாவது 7 அடி. மெற்றிக் அளவுக்குள் பிரித்தானிய அளவு ஒளிந்திருப்பதுபோல, நவீன விளையாட்டுக்குள் அதன் பிறப்பிடமும் ஒளிந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1866இல் மெய்வல்லுநர் போட்டிகளைத் தொடக்கிய கனவான்களின் கழகம், ஊதியம் பெறாதவரே போட்டியிடலாம் என்று விதித்ததோடு நில்லாமல், கம்மியர், கைவினைஞர், கூலியாளர் ஆகியோரையும் விலக்கிவைத்தது. உடலால் உழைப்பவனுக்கு இயல்பாகவே மேலதிக வாய்ப்பு உண்டு என்பது கூறப்பட்ட நியாயம். கல்லைத் தூக்கிப் பழகியவர்களின் விளையாட்டிலிருந்து கல் தூக்குபவர்களே வெளியேற்றப்பட்டனர். 1880இல் அமைந்த புதிய சங்கம் அத்தடையை நீக்கியதாயினும், பணம் பெறாத் தூய்மை என்ற கொள்கை நூறாண்டுக்கு மேலாக நிலைத்தது. 1975இல் பிறயன் ஓல்ட்பீல்ட் 22.86 மீற்றர் தூரம் குண்டைப் போட்டும், அவர் தொழில்முறை வீரர் என்பதால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை.

ஆயினும் விலக்கப்பட்டோர் வேறு வழியால் நுழைந்தனர். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க எறிவீரர்களுட் பலர் அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்து நியூயோர்க் பொலிசிற் சேர்ந்தவர்கள். மாயோ மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்த மார்ட்டின் ஷெரிடன் 1904, 1908 ஒலிம்பிக்குகளில் பரிதிவட்டம் எறிந்து வென்றார். 1912இல் குண்டு போட்டு வென்ற பற் மக்டொனால்ட் நகரச் சந்தியில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்திய பொலிஸ்காரர்.

பெண்களின் வரலாறும் இத்தகையதே. புதிய ஒலிம்பிக்கின் தந்தை எனப்படும் கூபேர்த்தன், பெண்கள் பங்குபற்றுவதையே எதிர்த்தவர். 1928இல் அம்ஸ்ரடாமில்தான் பெண்களுக்கு மெய்வல்லுநர் போட்டிகள் முதன்முறை அனுமதிக்கப்பட்டன. அவ்வாண்டு பரிதிவட்டம் எறிந்து 39.62 மீற்றர் உலக சாதனையோடு வென்ற போலந்து நாட்டு ஹலினா கொனோப்பாட்ஸ்கா ஒரு கவிஞர். அடுத்த ஆண்டிலேயே அவரது கவிதைத் தொகுதி வெளியாயிற்று. பெண்களுக்கான குண்டு போடுதல் சேர்க்கப்பட்ட 1948இல் குண்டு, பரிதிவட்டம் இரண்டிலும் வென்ற பிரான்சின் மிஷ்லீன் ஒஸ்டர்மேயர் ஒரு பியானோக் கலைஞர். வலிய உடலும் நுண்ணிய கலையும் ஒன்றுக்கொன்று பகை என்ற நடுத்தர வர்க்க நம்பிக்கையை இவ்விரு பெண்களின் வாழ்வே மறுக்கின்றது. 1952இல் சோவியத் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றவரும் பரிதிவட்டம் எறிந்த ஒரு பெண்ணே: நீனா றொமாஷ்கோவா.

4

இனி, நுட்பத்தினுள் நுழைவோம். 1934இல் 17.40 மீற்றர் உலக சாதனை நிலைநாட்டிய ஜக் ரொறன்ஸ் மலைபோன்ற உடலினர். பருமனே வெற்றி என்ற கருத்துக்கு அவர் உருவகமானார். 1948இல் அச்சாதனையை 17.68 மீற்றராக உயர்த்திய சார்ள்ஸ் பொன்வில், அவரோடு ஒப்பிட மிக மெலிந்த உடலினரான ஒரு கறுப்பின மாணவர். பருமனுக்குப் பதிலாக வேகத்தை அவர் நம்பினார். இனப்பாகுபாடு நிலவிய அமெரிக்காவிலே, இயற்கை வலிமை பற்றிய கட்டுக்கதையை ஒரு கறுப்பின இளைஞர் கணக்கினாலும் பயிற்சியினாலும் உடைத்தார் என்பது குறிக்கத்தக்கது.

ஏன் வேகம்? எறிதூரம் மூன்று காரணிகளில் தங்கியுள்ளது: கையை விட்டு நீங்கும் வேகம், கோணம், உயரம். இவற்றுள் வேகமே தலையாயது. தூரம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகின்றது. அவ்வேகம், செலுத்தும் விசையினால் மட்டுமன்றி அவ்விசை எவ்வளவு நீளமான பாதையிற் செலுத்தப்படுகிறது என்பதனாலும் தீர்மானிக்கப்படுகிறது. முன்னைய வீரர்கள் எறிதிசைக்குப் பக்கவாட்டாக நின்று துள்ளிப் போட்டனர். பரி ஓ'பிறையன் 1950களின் தொடக்கத்தில் எறிதிசைக்கு முதுகைக் காட்டி நின்றார். மேலும் அரை வட்டம் திரும்பியதன் மூலம் அவர் குண்டின் பாதையை நீட்டினார். 1952, 1956 ஒலிம்பிக்குகளில் வென்று, 1954இல் 60 அடியைத் தாண்டிய முதல்வருமானார். கட்டுமானம் மாறியபோது அளவும் பாய்ந்து மாறியது.

அந்நுட்பத்தின் கூறுகள் எவரும் கற்கத்தக்கவை. குண்டு உள்ளங்கையிற் கிடப்பதன்று. விரல்களின் அடிப்பகுதியில் தங்கி, தாடையின் கீழ்க் கழுத்தோடு ஒட்டியிருக்கும். வலக்கையால் போடுபவர் வட்டத்தின் பின்விளிம்பில் வலக்காலில் தாழ்ந்து, இடக்காலைத் தடைப்பலகையை நோக்கி வீசி, வலக்காலால் நிலத்தை உந்தி வழுகிச் செல்கிறார். நடுவட்டத்தில் வலக்கால் ஊன்றும்போதும் தோள் பின்நோக்கியே இருக்கவேண்டும். அதன்பின் முதலில் காலும், பின் இடுப்பும், பின் மார்பும், ஈற்றில் கையும் திரும்புகின்றன. இவ்வொழுங்கே உயிர்நாடி. தொடக்கநிலையினர் கையை முந்தவிட்டு, காலின் பலத்தை முழுவதும் இழக்கின்றனர். குண்டு தோளுக்குப் பின்னால் சென்றால் அது எறிதலாகிவிடும். விதியும் அதை ஏற்காது, முழங்கையும் தாங்காது. ஆகவேதான் ஈழத்து வழக்கில் குண்டு 'போடுதல்' என்றும் வட்டு 'எறிதல்' என்றும் வேறுபடுத்திச் சொல்கிறோம். வழக்கு சில வேளைகளில் அகராதியைவிட நுட்பமானது.

பரிதிவட்டத்தில் கை ஒரு நீண்ட கயிறுபோலத் தளர்ந்து பின்தொடரவேண்டும். ஆடவர் வட்டு 2 கிலோ, பெண்களுடையது 1 கிலோ. எறியும் வட்டத்தின் விட்டம் 2.50 மீற்றர். பின்விளிம்பில் முதுகு காட்டி நிற்பவர், இடக்காலிற் சுழன்று, நடுவிலே வலக்காலை ஊன்றி, முன்விளிம்பில் இடக்காலைத் தடையாக நிறுத்தி, ஒன்றரைச் சுற்றில் எறிகிறார். வட்டு சுட்டுவிரல் வழியே உருண்டு நீங்கும்போது பெறும் சுழற்சியே அதனை வானில் தளம்பாமல் காக்கின்றது. அளவான எதிர்காற்று வட்டைத் தாங்கித் தூரத்தைக் கூட்டும் என்பது கற்காதவர்க்கு வியப்பளிக்கும். குண்டுக்குக் காற்று ஒரு பொருட்டன்று. வட்டுக்கோ அது துணைவன்.

காலப்போக்கில் இரு கலைகளும் ஒன்றையொன்று வளர்த்தன. லெனின்கிராட் பயிற்றுநர் விக்ரர் அலெக்சேயெவின் மாணவரான அலெக்சாண்டர் பரிஷ்னிக்கொவ், பரிதிவட்டத்தின் சுழற்சியைக் குண்டுக்குப் பொருத்தி, 1976இல் 22.00 மீற்றர் என்ற உலக சாதனையை நிலைநாட்டினார். அம்முறையிலேயே றையன் குறவுசர் 2023இல் 23.56 மீற்றரை எட்டினார். பரிதிவட்டத்தில் 1986இல் ஜேர்மானியர் யூர்கன் ஷூல்ற் எறிந்த 74.08 மீற்றர், 2024இல் லித்துவேனிய இளைஞர் மிக்கோலாஸ் அலெக்னா 74.35 மீற்றர் எறியும்வரை நிலைத்தது. அவரே 2025இல் 75.56 மீற்றரை அடைந்தார்.

5

இவ்விலக்கங்களை நாம் கண்ணைமூடிப் போற்றிவிட முடியாது. ஷூல்ற் எறிந்த நாடு கிழக்கு ஜேர்மனி. 1974 முதல் அந்நாட்டில் விளையாட்டு வீரர்க்கு ஊக்கமருந்தூட்டுவது அரசின் இரகசியத் திட்டமாகவே நடைபெற்றது. 1986இல் பெண்கள் குண்டு போடுதலில் ஐரோப்பிய வெற்றியீட்டிய ஹெய்டி கிறீகர், தன் உடலுக்குள் செலுத்தப்பட்டவை எவையென அறியாத இளவயதிலேயே ஆண் இயக்குநீர் கொடுக்கப்பட்டவர். இன்று அன்ட்றியாஸ் கிறீகர் என்ற ஆணாக வாழும் அவர், தனக்கு இழைக்கப்பட்டதைப் பின்னர் நீதிமன்றத்திலே எடுத்துரைத்தார். 2000இல் அத்திட்டத்தின் தலைவர்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

முதலாளித்துவ உலகும் இதிற் சளைத்ததன்று. 1990இல் 23.12 மீற்றர் சாதனை நிலைநாட்டிய அமெரிக்கர் றன்டி பார்ன்ஸ் இருமுறை தடைசெய்யப்பட்டு, ஈற்றில் வாழ்நாள் தடை பெற்றார். ஆனால் இவ்வொப்பீடு நமக்கு ஆறுதலாகிவிடக்கூடாது. உழைக்கும் மனிதனின் விடுதலையைத் தன் பதாகையில் எழுதிய அரசு, உழைக்கும் வீட்டுச் சிறுமியின் உடலையே பதக்கத்துக்கான மூலப்பொருளாக்கியது என்பதை, மார்க்சியத்தை ஏற்றுக்கொண்டவர்களே முதலில் சொல்லவேண்டும். மனிதன் தன் ஆற்றலிலிருந்து அந்நியப்படுவதை விமர்சிக்கும் தத்துவம், அவ்வந்நியமாதல் தன் பெயரால் நிகழும்போது மௌனமாக இருக்குமாயின், அது தத்துவமன்று, சடங்கு.

தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. எறிகலை உழைப்பிலிருந்து பிறந்தது. அதன் வளர்ச்சி தனிமனிதப் பலத்தினாலன்றி, தலைமுறைகள் சேர்த்த அறிவினால் நிகழ்ந்தது. அவ்வறிவை யார் பெறுவது, எதற்குப் பயன்படுத்துவது என்பதைத் தீர்மானிப்பது சமூக உறவுகளே.

இவ்வுண்மைகள் நம் கிராமப் பாடசாலைகளுக்கும் பொருந்துவன. வசதியுள்ள நகரப் பாடசாலைகளிற் சீமெந்து வட்டமும் பயிற்றுநரும் இருக்க, கடற்கரையிலும் வயற்புறத்திலும் தோட்டத்திலும் வாழும் பிள்ளைக்குக் கிடைப்பது 'பலத்தைக் கூட்டிப் போடு' என்ற ஒரு வசனமே. அப்பிள்ளை தோற்கும்போது பலமில்லை என்கிறோம்; உண்மையில் அதற்கு அறிவு மறுக்கப்பட்டது. சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் வரைவதற்கும், முதுகைத் திருப்பி நின்று காலிலிருந்து தொடங்கு என்று சொல்வதற்கும் பெருநிதி வேண்டியதில்லை. கற்பிக்கத்தக்கது என்ற நம்பிக்கையே முதலில் வேண்டும். ஹோமரின் இரும்புக் கட்டி இறுதியிற் சேர்ந்த இடம் உழவனின் கை. எறிகலையின் அறிவும் அங்கு போய்ச் சேரவேண்டியதே.